யாம்பா பள்ளத்தாக்கு: 1920-களின் ராஞ்ச் வீட்டோடு புதுப் பகுதி சேர்க்கும்போது கூரை, சுவர், பனி

மேட்டுநிலம் (கேள்வி)

வணக்கம். கொலராடோவில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வெளியே, 6,900 அடி உயரத்தில் 40 ஏக்கர் பழைய ராஞ்ச் நிலம். அதில் 1920-களில் கட்டிய தடிமர வீடு ஒன்று இருக்கிறது. 24-க்கு 32 அடி, லாட்ஜ்போல் பைன் தடிகள். அஸ்திவாரம் என்று தனியாக எதுவும் இல்லை, அடுக்கிய கல்மேல் அடித்தடி நேராக உட்கார்ந்திருக்கிறது. வடக்கே 60 அடி தள்ளி ஒரு புல் கொட்டகை. நிலத்தின் குறுக்கே ஒரு பாசன வாய்க்கால்.

உரிமையாளர் பழைய வீட்டை இடிக்காமல் 1,400 சதுர அடி புதுப் பகுதி கேட்கிறார். அவர் காட்டும் படங்கள் எல்லாம் இப்போது 'மவுன்டன் மாடர்ன்' என்று அங்கே பரவியிருக்கும் பாணி: தட்டையை ஒட்டிய ஒற்றைச் சரிவுக் கூரை, பள்ளத்தாக்கைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே நரைத்த கொட்டகைப் பலகை. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் பாதிக்குமேல் கோடையில் எடுத்தவை.

வரைபடம் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: பழைய கூரையும் புதுக் கூரையும் எங்கே, எப்படிச் சேர வேண்டும்? தடிமர வீட்டுக்குப் புது அஸ்திவாரம் போட்டே ஆகவேண்டுமா? அந்தக் குளிருக்குச் சுவரிலும் கூரையிலும் என்ன அடுக்கு? காட்டுத்தீ விதிகள் வரும் இந்த நேரத்தில் சுவரின் வெளிப்புறத்தில் மரப்பலகை போர்த்துவது சரிப்படுமா? ராஞ்ச் நிலம் என்பதால் வேறு ஏதாவது சிக்கல் உண்டா?

கைமரம்

முதலில் கூரையைத் தீர்த்துவிடுங்கள். அறைகள் எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பள்ளத்தாக்கின் பழைய கொட்டகைகளில் பெரிய கதவு பெரும்பாலும் முக்கோணச் சுவர்ப் பக்கம்தான் இருக்கும், இறவாணத்துக்குக் கீழே இருக்காது. கூரைப் பனி சரிந்து குவியும் இடத்தில் கதவை வைத்தால் ஜனவரியில் மாட்டுக்குப் புல் எடுக்க வழி கிடைக்காது. இடம் போதவில்லை என்றால் பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். ஒரு கூரையில் இன்னொரு கூரையைக் குறுக்கே மோதவிட்டு, நடுவில் பனி தேங்கும் பள்ளத்தை உண்டாக்கவில்லை. ராஞ்ச் மரபு என்று எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் இந்த இரண்டையும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையின் நிறம் அதற்கு அடுத்தபடிதான்.

ஆகவே என் யோசனை: பழைய வீடு ஒரு தனி உருவம், புதுப் பகுதி இன்னொரு தனி உருவம், இரண்டின் முகடும் ஒரே திசையில். நடுவே 8 அல்லது 10 அடி அகலத்தில் தாழ்வான இணைப்பு நடை, ஒன்றின் முக்கோணச் சுவரிலிருந்து மற்றதன் முக்கோணச் சுவருக்கு. அப்படி வைத்தால் எந்தக் கூரையின் பனியும் இணைப்பின்மேல் சரியாது. காற்று அள்ளிக்கொண்டு வரும் பனி மட்டும் அங்கே குவியும். அந்தக் குவியல் சுமையைப் பொறியாளர் தனியாகக் கணக்கிடுவார்.

இணைப்பை இறவாணத்துக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தரைப் பனிச்சுமை தளத்துக்குத் தளம் மாறும். உங்கள் தளத்துக்கான எண்ணை உங்கள் மாவட்டமான ரௌட் கவுன்ட்டியின் கட்டட அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். இப்போதைக்குச் சதுர அடிக்கு 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கட்டடச் சுமைத் தரநிலையான ஏஎஸ்சிஇ 7-ன் சூத்திரப்படி காற்றோட்டமுள்ள குளிர் கூரைக்கு 0.7 × 1.1 × 100, அதாவது 77 பவுண்டு. மேல்கூரையிலிருந்து சரிந்து விழும் பனிக்கு இதில் 0.4 பங்கை, இறவாணத்திலிருந்து முகடு வரையுள்ள கிடைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 24 அடி அகல வீட்டில் அந்தத் தூரம் 12 அடி. 0.4 × 77 × 12 = ஓர் அடி நீளத்துக்கு 370 பவுண்டு. இதை 15 அடி அகலத்தில் பரப்பினால் சதுர அடிக்கு ஏறத்தாழ 25 பவுண்டு. ஏற்கெனவே உள்ள 77-க்கு மேல் இது. குவியல் சுமை இன்னும் சேரவில்லை. இவ்வளவையும் தாங்க வைக்கலாம்தான், ஆனால் ஒரு நடைபாதைக்கு அவ்வளவு பெரிய உத்தரம் எதற்கு?

பழைய வீட்டுக் கூரையில் பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. நூறு வருடமாக அந்தக் கூரை நின்றது கைமரத்தின் பலத்தால் மட்டும் இல்லை. இன்சுலேஷன் இல்லாததால் அடுப்புச் சூடு மேலே போய்ப் பனியை உருக்கிக்கொண்டே இருந்தது. நீங்கள் மேலே ஆர்-60 இன்சுலேஷன் ('ஆர்' என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) போட்ட அடுத்த குளிர்காலம் முழுச் சுமையும் கூரையிலேயே தங்கும். அந்தக் காலத்துக் கைமரம் 2-க்கு 4 பலகையாகவோ 24 அங்குல இடைவெளியில் நிற்கும் கழியாகவோ இருந்தால் வளைந்துவிடும். இன்சுலேஷனுக்கு முன் கைமரத்தைப் பலப்படுத்துங்கள்: பழையதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய கைமரம், அதைத் தாங்க முகட்டு உத்தரம், உத்தரத்துக்கு இரு முனையிலும் தரை வரை இறங்கும் தூண். தூண் தடிச்சுவரின்மேல் உட்காரக் கூடாது. காரணத்தைத் தடிவேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பனியைக் கூரையில் நிறுத்துவதா, சரியவிடுவதா என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். தகரக் கூரையில் பாதி நிற்கட்டும் பாதி சரியட்டும் என்று விட முடியாது. கீழே யாரும் நடக்காத, எரிவாயு மீட்டரோ ஜன்னலோ இல்லாத பக்கமாக இருந்தால் சரியவிடுங்கள். நடமாட்டம் உள்ள பக்கத்தில் பனித்தடுப்பு வேண்டும், அதற்குக் கணக்கும் வேண்டும். 12-க்கு 6 சரிவு (12 அங்குலக் கிடைத் தூரத்துக்கு 6 அங்குல ஏற்றம்), 20 அடி நீளம், 77 பவுண்டு என்றால் கூரைவழியே இழுக்கும் விசை சதுர அடிக்கு சுமார் 31 பவுண்டு. 20 அடிக்கு, இறவாணத்தின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 615 பவுண்டு. தகரத் தாள்களைச் சேர்க்கும் நின்ற மடிப்புகள் 16 அங்குலத்துக்கு ஒன்று என்றால், ஒரே வரிசைத் தடுப்பில், மடிப்பைப் பிடிக்கும் ஒவ்வொரு கவ்விக்கும் 820 பவுண்டு வரும். மூன்று வரிசையாகப் பிரித்தால் 273. கவ்வி எவ்வளவு தாங்கும் என்பது தகரத்தின் தடிப்பையும் மடிப்பின் வகையையும் பொறுத்தது. அதே தகரத்தில் சோதித்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்த இழுவை முழுவதும் கடைசியில் தகரத்தைப் பிடித்திருக்கும் திருகுகளுக்குத்தான் போகிறது. எனவே தகரத்தை முகட்டில் ஒரே கோட்டில் இறுக்கி, கீழே நீள சுருங்க விடுங்கள். இரு முனையையும் இறுக்கினால் வெயிலில் நடுவில் உப்பும், திருகுத் துளை நீளும், ஒழுகும்.

உரிமையாளர் ஒற்றைச் சரிவுதான் வேண்டும் என்றால் தவறில்லை. 12-க்கு 2 சரிவு, இயந்திரத்தால் இரட்டை மடிப்பு மடித்த தகரம், பனி அங்கேயே நிற்கும் என்ற கணக்கில் சட்டம். தாழ்ந்த பக்கம் வாசலுக்கு மேல் வராமல் இருந்தால் போதும்.

தச்சுப்பட்டறை

தடிமர வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அஸ்திவாரம் கட்டாயம் வேண்டும். இந்த உயரத்தில் மண் 4 அடி ஆழம் வரை உறையும் என்று வைத்துத்தான் கட்டுகிறார்கள். கல்மேல் நிற்கும் வீடு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் எழுந்து இறங்கும். தனியாக நின்றவரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. அசையாத புதுப் பகுதியோடு அதைக் கட்டிப்போட்டால் சேரும் இடம் பிளக்கும்.

தூக்குவதற்கு முன் அடித்தடியைச் சோதியுங்கள். கூர்மையான ஊசியைத் தடியின் கீழ்ப்பாதியில், மண்ணைத் தொடும் பக்கம், ஓரடிக்கு ஒருமுறை அழுத்துங்கள். நல்ல மரத்தில் கால் அங்குலம் இறங்குவதே கஷ்டம். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அழுகல் இருக்கிறது. மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் தடிமுனை, ஜன்னலுக்கு நேர் கீழே, கூரைத் தண்ணீர் தெறிக்கும் முதல் இரண்டு வரிசை ஆகிய மூன்று இடங்களில்தான் முதலில் கெடும். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

தூக்கும் முறை: புகைபோக்கி, குழாய், மின்கம்பி அனைத்தையும் முதலில் விடுவியுங்கள். செங்கல் புகைபோக்கி வீட்டோடு எழும்பாது, கூரையைக் கிழித்துக்கொண்டு நிற்கும். அடித்தடிக்கு மேலுள்ள இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையைப் பிடிக்கும்படி இரும்பு உத்தரங்களைக் குறுக்கே நுழைத்து, கட்டை அடுக்கின்மேல் ஜாக்கி வைத்து, எல்லா ஜாக்கியையும் சேர்த்து ஒரு முறைக்கு 1/8 அங்குலம் ஏற்றுங்கள். அவசரப்பட்டால் மூலை வெட்டுகள் விட்டுப்போகும். கெட்ட தடியை மாற்றுவது வீடு மேலே நிற்கும்போதுதான்.

மாற்றுத் தடிக்குப் பச்சை மரம் வேண்டாம். நின்றபடியே காய்ந்த லாட்ஜ்போல் வாங்குங்கள். 1990-களின் பிற்பகுதியிலிருந்து பைன் வண்டு பட்டு காய்ந்த மரம் கொலராடோவில் ஏராளம். நீலக்கறை இருந்தாலும் பலத்துக்குக் குறைவில்லை. பச்சைத் தடி கிடைநிலையில் அடுக்கும்போது உயரத்தில் 6 சதவீதம் வரை சுருங்கும், 8 அடிச் சுவருக்கு அது 5¾ அங்குலம். உங்கள் பழைய சுவர் சுருங்கி முடிந்து எழுபது எண்பது வருடம் ஆகியிருக்கும். அதற்கு நடுவே ஒரு பச்சைத் தடியைச் செருகினால் அது மட்டும் இளைத்து, மேலே உள்ள பாரம் மூலைகளில் தொங்கும்.

புதுச் சுவர் மண்ணிலிருந்து 8 அங்குலம் உயர வேண்டும் என்பது விதி. பனி நாட்டில் அது போதாது, 18 முதல் 24 அங்குலம் வைத்தால் தடி பிழைக்கும். கான்கிரீட்டுக்கும் தடிக்கும் நடுவே ரப்பர் விரிப்பு, அதன்மேல் வெளிப்பக்கம் கீழ்நோக்கி மடித்த தகரம். அடித்தடியின் அடிப்பக்கத்திலும் மூலை முனைகளிலும் போரேட் (மரத்தை அழுகலிலிருந்து காக்கும் போரான் உப்பு) கரைசலை இரண்டு முறை பூசி, முனைகளில் துளையிட்டு போரேட் குச்சி செருகுங்கள். போரேட் மழையில் கரைந்து போகும், ஆகவே மேலே நீர்விலக்கும் பூச்சு அவசியம். நீர்விலக்கி இல்லாமல் போரேட் மட்டும் அடித்த வீடுகளில் தென்புறச் சுவர் சில வருடத்தில் பழையபடி ஆகிவிடும்.

தடி இடுக்கில் இப்போது இருப்பது ஆணியும் பட்டைக்கழியும் வைத்துப் பூசிய சுண்ணாம்புச் சிமெண்ட் சாந்தாக இருக்கும். உறுதியாக ஒட்டியிருக்கும் இடங்களைத் தொடாதீர்கள். விட்டுப்போன இடத்தில் நெகிழும் அக்ரிலிக் சாந்து வைக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: பின்னால் நுரைக்கயிறு வைத்து, சாந்து மேல் தடியிலும் கீழ்த் தடியிலும் மட்டும் ஒட்ட வேண்டும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் தடி அசையும்போது சாந்து நடுவில் கிழியும். தடிப்பு 3/8 அங்குலம் போதும்.

கைமரம் சொன்ன தூண் விஷயம்: தடிச்சுவரின் உயரம் ஈரத்துக்கு ஏற்ப வருடத்துக்குள்ளேயே கொஞ்சம் மாறும், நேராக நிற்கும் தூணின் உயரம் மாறாது. ஒன்றையொன்று பூட்டினால் கூரை ஏதாவது ஒன்றில் மட்டும் நிற்கும். அதே காரணத்தால் இணைப்பு நடையைத் தடிச்சுவரில் இறுக்க வேண்டாம். தடியில் செங்குத்தாக 2 அங்குல அகலத் தடம் வெட்டி, இணைப்பின் சட்டம் அதற்குள் மேலும் கீழும் நழுவும்படி வையுங்கள். சட்டத்தில் நீளத் துளை போட்ட இரும்புத் துண்டு, திருகு துளையின் நடுவில், கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும். காற்று வராமல் இருக்கத் தடத்துக்குள் கம்பளி அல்லது அமுங்கும் நுரைப்பட்டை. கதவு நிலை, ஜன்னல் நிலை மாற்றினாலும் இதே முறைதான், தலைக்கு மேல் பழைய சுவரில் முக்கால் அங்குலம் வெற்றிடம் விட்டு அதைப் பலகையால் மறையுங்கள்.

காற்றுத்தடை

சுவர், கூரை அடுக்குகளுக்கு வருகிறேன். ரௌட் கவுன்ட்டி தட்பவெப்ப மண்டலம் 7. இதே பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள மேபெல்லில்தான் 1985 பிப்ரவரி 1 அன்று மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 61 பாரன்ஹீட் பதிவானது. பள்ளத்தாக்கின் தரையில் குளிர்காற்று தேங்குவதால், மேட்டில் இருக்கும் வீட்டைவிட ஆற்றங்கரைப் புல்வெளி வீடு அதிகம் குளிரும். புதுப் பகுதியைப் பழைய வீட்டின் மேட்டுப் பக்கம் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

2021 எரிசக்தி விதிகள் இந்த மண்டலத்துக்குக் கேட்பது: கூரையில் ஆர்-60, சுவரில் சட்டத்துக்குள் ஆர்-20 சேர்த்து வெளியே தொடர்ச்சியாக ஆர்-5, 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 3 முறைக்குமேல் காற்று மாறக் கூடாது, வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி கட்டாயம். அனுமதி விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள்.

சுவரில் ஆர்-5 என்பது விதியின் குறைந்தபட்சம்தான், அதோடு நிறுத்த வேண்டாம். உள்ளே சாதாரண வண்ணப்பூச்சு மட்டும் போதும், தனி ஆவித்தடுப்பு வேண்டாம் என்றால் 2-க்கு 6 சுவரில் வெளியே ஆர்-15 இருக்க வேண்டும். பாறைக்கம்பளி அங்குலத்துக்கு ஆர்-4.2 என்று வைத்தால் 3 அங்குலம் 12.6, எட்டாது. 4 அங்குலம் 16.8, எட்டிவிடும். அப்போது ஒட்டுப்பலகை பனிப்புள்ளிக்கு மேலேயே இருக்கும், வியர்க்காது. அவ்வளவு தடிப்பு வேண்டாம் என்றால் உட்புறம் ஈரத்துக்கேற்பத் திறந்து மூடும் சவ்வு ஒட்டுங்கள். பாலித்தீன் தாள் வேண்டாம், கோடையில் ஈரம் உள்பக்கமாகக் காய வழி இருக்காது.

கூரையில் உள்ளே முகடு வரை திறந்த அறை வேண்டும் என்றால் காற்றோட்டம் இல்லாத கூரைக்கு மனம் போகும். விதிப்படி மண்டலம் 7-ல் இன்சுலேஷனில் காற்றுப்புகாத பகுதி குறைந்தது ஆர்-30 இருக்க வேண்டும். அந்த எண் மொத்தம் ஆர்-49 இருந்த காலத்து விகிதத்தில் வந்தது. மொத்தம் ஆர்-60 ஆகும்போது அதே விகிதப்படி ஆர்-37 வைப்பதுதான் பாதுகாப்பு. நுண்ணறைகள் மூடிய தெளிப்பு நுரை அங்குலத்துக்கு ஆர்-6.5 என்றால் 5¾ அங்குலம். கூரைப்பலகைக்கு மேல் பாலிஐசோ நுரைப்பலகை வைத்தால் குளிரில் அதன் திறன் குறையும், அங்குலத்துக்கு 5 என்று எண்ணி 7½ அங்குலம் வையுங்கள். என் விருப்பம் மேலே வைப்பதுதான், கைமரம் முழுவதும் சூட்டுப் பக்கம் இருக்கும்.

கண்ணாடி விஷயத்தில் உயரம் விளையாடும். 6,900 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 22 சதவீதம் குறைவு. தாழ்நிலத்தில் அடைத்த இரட்டைக் கண்ணாடி மலைக்கு வந்ததும் வெளியே உப்பும், விளிம்பு ஒட்டு விடும், சில சமயம் ஏற்றி வரும் வண்டியிலேயே உடையும். அழுத்தம் சமமாக நுண்குழாய் வைத்தால் ஆர்கான் வாயு போய்விடும். ஆர்டர் கொடுக்கும்போதே தள உயரத்தைக் குறிப்பிட்டு, அந்த உயரத்துக்கு ஆர்கானோடு அடைத்துத் தருகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். முழுச் சுவர் கண்ணாடியில் அடி 2 அடியைத் திடச் சுவராக வைத்தால் குவியும் பனி கண்ணாடியில் அழுத்தாது, உட்கார்ந்தால் முதுகில் குளிரும் அடிக்காது.

எரிவாயு கொதிகலன் என்றால் 1,000 அடிக்கு 4 சதவீதம் கழியுங்கள், மணிக்கு 1,00,000 பிடியு (வெப்ப அளவு) கருவி அங்கே ஏறத்தாழ 72,000 தான் தரும். குறைந்த கழிவு போதும் என்று தயாரிப்பாளரே எழுதித் தரும் மாடல்களும் உண்டு. வெப்பப் பம்பு என்றால் மைனஸ் 15 பாரன்ஹீட்டில் எவ்வளவு தருகிறது என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும், பெட்டியில் எழுதிய எண்ணை இல்லை. வெளிக்கருவியைத் தரையில் வைக்காமல் முக்கோணச் சுவர்ப் பக்கம், 4 அடி உயரத் தாங்கியில், மேலே ஒரு சிறு கூரையோடு வையுங்கள். காற்றோட்டக் கருவியின் வாயையும் பனிமட்டத்துக்கு மேல் வையுங்கள், இறவாணத்துக்குக் கீழே வேண்டாம்.

மேட்டுநிலம்

மிக்க நன்றி. முக்கோணச் சுவர்களை இணைக்கும் யோசனையை வரைந்து பார்த்தேன், உட்புறமும் நன்றாக அமைகிறது. இரண்டு சந்தேகம். கைமரம் 'குளிர் கூரை' என்கிறார், காற்றுத்தடை காற்றோட்டமே இல்லாத கூரை சொல்கிறார், எதை எடுப்பது? அடுத்து, பலகைக்காக அந்தப் புல் கொட்டகையையே பிரித்துவிடலாம் என்று உரிமையாளர் நினைக்கிறார்.

கைமரம்

இரண்டையும் சேர்த்தே செய்யலாம். கூரைப்பலகைமேல் பாலிஐசோ, அதன்மேல் செங்குத்தாக 2-க்கு 4 பட்டை, அதன்மேல் இரண்டாவது பலகை, பிறகு தகரம். நடுவில் 1½ அங்குலக் காற்று. ஐஸ் அணை (இறவாணத்தில் உறைந்து, உருகும் தண்ணீரைத் தேக்கும் பனிக்கட்டி) வருவது கூரையின் மேல்பரப்பு சூடாவதால். வீட்டிலிருந்து கசியும் மிச்சச் சூட்டை அந்த இடைவெளி கொண்டுபோய்விடும். விதி கேட்பது 1 அங்குலம், நீண்ட சரிவுக்கு அது போதாது. 20 அடிக்குமேல் என்றால் பட்டையை நிமிர்த்தி 3½ ஆக்குங்கள். பட்டையைப் பிடிக்கும் நீளத் திருகு நுரையைத் தாண்டிக் கைமரத்தில் 1½ அங்குலமாவது இறங்க வேண்டும். பனி கீழே இழுப்பதால் திருகின் எண்ணிக்கையைப் பொறியாளர் தர வேண்டும். முகட்டுத் துவாரம் பனியில் மூடிப்போகும், எனவே முகட்டை உயர்த்திய வகை.

நீர் நுழையாத ஒட்டுத்தாள் வெளிச்சுவரின் கோட்டிலிருந்து உள்ளே 24 அங்குலமாவது போக வேண்டும். 12-க்கு 8-ம் அதற்கு மேலும் உள்ள செங்குத்தான கூரையில், இறவாணத்திலிருந்து சரிவுவழியே 36 அங்குலம் என்பதும் சேரும். இறவாணம் 3 அடி நீட்டினால் வெறும் 3 அடித் தாள் சுவரைக்கூடத் தாண்டாது. இந்த இடத்தில் தப்புவது அடிக்கடி நடக்கிறது.

உலர்புல்

கொட்டகையைப் பிரிக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் வலியுறுத்துங்கள். அந்த நிலத்துக்கு முகம் கொடுப்பதே அதுதான். ஸ்டீம்போட்டில் பனிச்சறுக்கு மலையருகே நிற்கும் 'மோர் பார்ன்' (More Barn) என்ற பழைய கொட்டகை ஊரின் அடையாளமாகவே ஆகிப்போனது. சரிந்துகொண்டிருந்ததை ஊர் கூடி நிமிர்த்தி வைத்தது. ரௌட் கவுன்ட்டியில் வரலாற்றுக் கட்டடங்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது, தகுதியுள்ள கட்டடத்தைச் சீரமைக்க மாநில வருமான வரிச் சலுகையும் உண்டு. தடிமர வீட்டுக்கும் சேர்த்து, வேலை தொடங்கும் முன்பே விசாரியுங்கள்.

கணக்காகப் பார்த்தாலும் பிரிப்பது லாபம் இல்லை. பழைய பலகை 5/8 முதல் 1 அங்குலம் வரை தடிப்பு மாறும், அகலமும் ஒரே மாதிரி இருக்காது, பிளவும் ஆணித்துளையும் கழித்தால் 20 முதல் 30 சதவீதம் வீணாகும். பெயிண்ட் இருந்தால் அறுக்கும் முன் ஈயச் சோதனை. ஆணி கண்டுபிடிக்கும் கருவி இல்லாமல் ரம்பத்துக்குக் கொடுக்க முடியாது. மரத்தூள் வண்டு இருந்தால் சூளையில் சூடேற்றாமல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கோடாரியால் செதுக்கிய பழைய உத்தரத்தைத் தரம்பிரிப்பவர் பார்த்து எழுதிக்கொடுக்காமல் பாரம் தாங்க வைக்கவும் அனுமதி கிடைக்காது.

தீ: 2021 டிசம்பர் 30 அன்று போல்டர் கவுன்ட்டியில் மார்ஷல் தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எடுத்தது, அதுவும் புல்வெளித் தீயாகத் தொடங்கி. 2023-ல் மாநிலம் எஸ்பி 23-166 சட்டம் கொண்டுவந்து, காட்டுத்தீ தாங்கும் கட்டட விதிகளை வகுக்க ஒரு வாரியம் அமைத்தது. உங்கள் நிலம் எந்த வகுப்பில் வருகிறது என்று வரைபடத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எந்த வகுப்பானாலும் நான் இவற்றை விடமாட்டேன்:

கூரை ஏ தரம் (தீ தாங்குவதில் மிக உயர்ந்த வகுப்பு). தகரம் எரியாதுதான், ஆனால் மரப்பலகைமேல் போட்ட தகரம் தானாக ஏ தரம் ஆகாது. அடியில் என்ன தாள், என்ன ஜிப்சம் பலகை என்பது உட்பட முழு அடுக்கும் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கைமரம் சொன்ன இரட்டைப் பலகைக் கூரைக்கு இது முக்கியம், நடுவிலுள்ள 1½ அங்குலக் காற்றுவழி தீப்பொறிக்கும் வழிதான். இறவாணத்து வாயில் 1/8 அங்குல எஃகு வலையோ சோதிக்கப்பட்ட பொறித்தடுப்புத் துவாரமோ வேண்டும்.

சுவரைச் சுற்றி 5 அடிக்கு எரியக்கூடியது எதுவும் கூடாது: செடி, மரத்தளம், விறகு, மரவேலி எதுவும். 3/4 அங்குல ஜல்லி 4 அங்குலம் போடுங்கள், கூரைத் தண்ணீர் தெறித்துத் தடி கெடுவதும் குறையும். விறகுக் குவியல் 30 அடி தள்ளி.

மரப்பலகை வேண்டும் என்றால் வாசலைச் சுற்றியும் இணைப்பின் உள்புறமும் மட்டும் வையுங்கள். புதுப் பகுதியின் வெளிச்சுவருக்கு நெளி தகரம் போதும், கொட்டகைகளில் அதுவும் பழைய பழக்கம்தான். துருப்பிடிக்க விடும் எஃகு என்றால் முதல் சில வருடம் துருநீர் வடியும், கீழே கான்கிரீட் நடைபாதை வராமல் பாருங்கள். வெளியே பலகை வைக்கும் இடத்தில் பின்னால் 5/8 அங்குல வெளிப்புற ஜிப்சம், அதன்மேல் பட்டை, அடிவாயில் அதே 1/8 வலை. வலை இல்லாத இடைவெளி, தீ பிடித்தால் புகைபோக்கியாக மாறும்.

எரிவாயு மீட்டர் இறவாணத்தின் கீழே இருந்தால் இப்போதே இடம் மாற்றச் சொல்லுங்கள். சரியும் பனி மீட்டரை ஒடித்து வாயு வீட்டுக்குள் கசிவது மலை ஊர்களில் நிஜமான ஆபத்து.

வாய்க்கால்கரை

நிலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

வாய்க்கால் உங்கள் நிலத்தில் ஓடினாலும் அதன் உரிமை வேறொருவருடையதாக இருக்கலாம். உரிமையாளர் சம்மதம் அல்லது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அதைத் திருப்பவோ குழாயில் விடவோ முடியாது. 2001-ல் ரோரிங் ஃபோர்க் கிளப் வழக்கில் கொலராடோ உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தூர்வார இயந்திரம் வர இரு கரையிலும் இடம் விட வேண்டும். புதுப் பகுதியை அதன் பக்கம் நீட்டும் முன் அளவையாளரை வைத்து எல்லை குறியுங்கள். கோடையில் வாய்க்கால் நிறையும்போது நிலத்தடி நீரும் ஏறும், எனவே மண் சோதனைக் குழியை ஜூனில் தோண்டிப் பாருங்கள். செப்டம்பர் குழி வறண்டிருக்கும், அதை நம்பி நிலவறை போட்டால் தண்ணீர் நிற்கும்.

40 ஏக்கர் என்பது உங்களுக்கு நல்லது. 1972-ன் மாநிலச் சட்டப்படி 35 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள துண்டுகள் மனைப்பிரிவு விதிகளுக்குள் வராது. அந்த அளவுள்ள நிலத்தின் வீட்டுக் கிணற்று அனுமதியில் பொதுவாக மூன்று வீடு வரை, ஓர் ஏக்கர் தோட்டம், வீட்டுக் கால்நடைக்குத் தண்ணீர் எல்லாம் அடங்கும். பழைய வீட்டின் கிணறு எந்த வகை அனுமதியில் இருக்கிறது என்று மாநில நீர்வளப் பிரிவில் பாருங்கள். சில பழைய கிணறுகள் பதிவே ஆகியிருக்காது. கழிவுநீர்த் தொட்டி படுக்கையறை எண்ணிக்கைப்படிதான், புது அறை சேர்ந்தால் பழையது போதுமா என்பது சுகாதாரப் பிரிவின் முடிவு.

வேலி: கொலராடோவில் அடுத்தவர் மாடு உள்ளே வராமல் தடுப்பது நில உரிமையாளர் பொறுப்பு. சட்டம் ஏற்கும் வேலி என்பது மூன்று வரி முள்கம்பி, சுமார் 20 அடிக்கு ஒரு தூண். மானும் எல்க்கும் கடக்க மேல்கம்பி 42 அங்குலத்துக்கு மேல் போகாமல், அடிக்கம்பி தரையிலிருந்து 16 அங்குலமாவது உயர்ந்து, மேல் இரண்டு கம்பிக்கு நடுவே 12 அங்குலம் விட்டுக் கட்டுங்கள். மேல்கம்பியும் அடிக்கம்பியும் முள்ளில்லாமல் இருப்பது நல்லது.

ஒரு யோசனையும் உண்டு. ஸ்டீம்போட்டில் வேலை செய்கிறவர்கள் தங்க வீடு கிடைக்காமல் தவிக்கிறார்கள். ஊரை ஒட்டிய 536 ஏக்கர் பிரவுன் ராஞ்சில் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டத்துக்காக அந்த நிலத்தை ஊரோடு இணைக்கும் முடிவு 2024 மார்ச் வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. பழைய ராஞ்சுகளில் ஆட்கள் தங்கத் தனி விடுதி இருக்கும். உங்கள் தடிமர வீடு 768 சதுர அடி, சமையலறை, குளியலறை, தனி வாசல் எல்லாவற்றோடும் ஒரு முழு வீடாகவே நிற்கக்கூடியது. இணைப்பு நடையில் பூட்டும் கதவும் தீத்தடுப்புச் சுவரும் இப்போதே வைத்து, அந்தப் பக்கத்துக்குத் தனி மின்பெட்டியும் தனி வெந்நீர்க் கருவியும் போட்டுவிட்டால், பின்னால் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம். இரண்டாவது குடியிருப்பாக அதை எந்த நிபந்தனையில் ஏற்பார்கள் என்று கவுன்ட்டி திட்டப் பிரிவில் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். சுவரை மூடிய பிறகு அந்தத் தீத்தடுப்பைச் சேர்ப்பது இரட்டை வேலை.